கன்றும் கார்காலச் செய்திகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வரவில்லை என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் வருந்தியிருந்தார். வராதபடி பழக்கி வைத்திருப்பது நம் வகுப்பறைதான்.

மேல்நிலை வகுப்பில் ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்றொரு வினா. கவிதையைப் படித்து, பட்டதை எழுத வேண்டும். விடைத்தாளில் வருவதோ ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’, ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’. கீழே இரண்டு சொல்லைப் பிடித்துப் போட்டு அடிக்கோடு. எந்தக் கவிதை வந்தாலும் இதே விடைதான். (எதுகையே இல்லாத புதுக்கவிதையிலும் எதுகை கண்டவர்கள் உண்டு!) மோனை, எதுகை என்று போடும் தலைப்புக்குத்தான் மதிப்பெண் என்றால் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

பத்தாம் வகுப்பில் முல்லைப்பாட்டு என்ற சங்க நூலின் முதல் 17 அடிகள் இருக்கின்றன. மழை பொழிந்த மாலை. தலைவனைப் பிரிந்து காத்திருக்கும் தலைவிக்காக முதுபெண்டிர் ஊர்ப்புறத்தில் விரிச்சி கேட்டு, அதாவது யாரோ பேசும் சொல்லில் நல்ல சகுனம் தேடி, நிற்கிறார்கள். கயிற்றில் கட்டுண்டு தவிக்கும் கன்றைப் பார்த்து, குளிரில் நடுங்கும் தோள்மேல் கைகளைக் கட்டிக்கொண்ட ஆய்மகள் (இடைக்குலப் பெண்) ஒருத்தி, ‘இன்னே வருகுவர் தாயர்’, உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள், என்கிறாள். அதையே தலைவிக்கான நற்சொல்லாகக் கொள்கிறார்கள். தலைவியின் தவிப்பைச் சொல்ல வந்த நப்பூதனார் கன்றை ஏன் காட்டினார்? தேற்றுகிறவளும் நடுங்குகிறாளே, அது எதற்கு? பதினைந்து வயதுப் பிள்ளை இதற்கு அருமையாகப் பதில் சொல்லும். கேட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். நாமோ கார்காலச் செய்திகளை விவரித்து எழுதச் சொல்கிறோம்.

கட்டுரையின் கதையும் இதேதான். குறிப்புச் சட்டகத்தையும் நாமே கொடுத்துவிடுகிறோம். மரம் வளர்ப்புக்கு எழுதிய முடிவுரையைச் சாலைப் பாதுகாப்புக்கும் அப்படியே வைக்கலாம்.

வாரம் ஒரு பாடவேளை போதும். நாலடிப் பாட்டு, ஒரே கேள்வி, ஒரு பத்தி விடை. ‘எந்தச் சொல்லை வைத்து இப்படிச் சொல்கிறாய்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தால், பிள்ளை மறுபடி பாட்டுக்குப் போகும். ஐம்பது பேர் வகுப்பில் எல்லா நோட்டையும் திருத்துவது ஆகாத காரியம். ஐந்தாறு பத்தியை உரக்க வாசிக்கவிட்டு, மற்றவர்களை மறுத்துப் பேசச் சொல்லலாம். கொஞ்சம் இரைச்சல் இருக்கும், இருக்கட்டும்.

தேர்வுத்துறைக்கு ஒரு வேண்டுகோள். பாட்டிலிருந்து சான்று காட்டினால் மாறுபட்ட விளக்கத்துக்கும் முழு மதிப்பெண் தரலாம் என்று நய வினாவின் விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள். திருத்தும் ஆசிரியர்களுக்கும் துணிச்சல் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.