விறகு புகைந்தது உண்மை, தண்ணீர் அடித்தது பொய்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்களிடம் வாங்கிய புளிய விறகு சரியாக எரியவில்லை, ஒரே புகை என்று பலர் சொல்லிவிட்டீர்கள். நேரில் வந்து திட்டியவர்களும் உண்டு, சொல்லாமலே வேறு கடை பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. குறை எங்களுடையதுதான். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொரு பேச்சும் சுற்றுகிறது. எடை கூடுவதற்காக நாங்கள் விறகில் தண்ணீர் அடிக்கிறோமாம். யாரோ குழாயைக் கண்ணால் பார்த்தார்களாம்.

அந்தக் குழாய் லாரி திரும்பும் இடத்தில் புழுதி அடங்குவதற்கு. இத்தனை வருஷமாகக் காலையில் அதைத்தான் செய்கிறோம், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். விறகு அட்டி அங்கிருந்து நாற்பது அடி தள்ளி, கூரைக்குக் கீழே இருக்கிறது. சரி, ஒரு பேச்சுக்கு நாங்கள் அடித்தோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் நீர் ஏறுவதும் இறங்குவதும் நார் ஓடும் திசையில்தான் வேகமாக நடக்கும். பட்டை வழியாக உள்ளே இறங்குவது மிகக் குறைவு. மேலே தெளித்தால் அந்த ஒரு மணி நேரம் தராசு ஏமாறும், உண்மைதான். ஆனால் காற்றில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் அந்த ஈரம் போய்விடும். உங்கள் வீட்டில் இரண்டு வாரம் கிடந்த பிறகும் அந்தக் கட்டை புகைந்ததே, அது தெளித்த தண்ணீர் அல்ல. மரம் வளரும்போது குடித்த தண்ணீர்.

ஒரு அம்மா பாதி எரிந்த கட்டை ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒரு முனை கரி, மறுமுனையில் நுரை காய்ந்த பழுப்புக் கறை. எரியும்போது ‘உஸ்’ஸென்று சத்தம் வந்து, வெட்டு முகத்தில் குமிழ் குமிழாக நுரைத்திருக்கிறது. அவர் முன்னாலேயே அதைப் பிளந்து ஈரம் பார்க்கும் மீட்டரை உள்பக்கம் குத்தினோம். 38 சதவீதம் காட்டியது. வெளித்தோலில் குத்தியபோது 19. நாங்கள் ஏமாந்ததும் அங்கேதான். லாரியிலிருந்து இறக்கும்போது வெளியே மட்டும் பார்த்தோம்.

இதில் எங்கள் பழக்கதோஷமும் உண்டு. இவ்வளவு காலமாக உங்களுக்குப் பெரும்பாலும் சவுக்குதான் கொடுத்தோம். சவுக்கு பச்சையாக இருந்தாலும் பற்றிக்கொள்கிற மரம், தணலும் வெகுநேரம் நிற்கும். நாங்கள் அரைகுறையாகக் காயவைத்ததையெல்லாம் அது மூடி மறைத்திருக்கிறது. சவுக்கு வரத்து குறைந்து புளிக்கு மாறியதும் குட்டு வெளிப்பட்டது. புளி மட்டமான விறகல்ல, நன்றாகக் காய்ந்தால் சூடு பிரமாதம். ஆனால் கனமான மரம், நார் பின்னிக்கொண்டு கிடக்கும், கோடாரிக்கு லேசில் வழிவிடாது. பிளக்காமல் உருட்டுக்கட்டையாகப் போட்டால் காயவே காயாது.

பிளப்பதற்கு எங்களிடம் ஆள் இருந்தார். 11 வருஷம் இருந்தார். கட்டையை ஒருமுறை உருட்டிப் பார்ப்பார், காய்ந்த வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று விரலால் தடவுவார், அங்கே ஆப்பை வைப்பார். மூன்றே அடி. முதுகு வலி என்று அவர் நின்றுவிட்டார். அவர் போன பிறகு வந்த முதல் லோடுதான் அது.

“அப்போ எந்த மரம்தான் நல்லது?” என்று எல்லாரும் கேட்கிறீர்கள். கிலோ கணக்கில் பார்த்தால், முழுக்கக் காய்ந்த எந்த மரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான் தரும், கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோகலோரி. பிசின் உள்ள பைன் மாதிரி மரங்கள் கொஞ்சம் கூட, ஆனால் கரி படியும். வித்தியாசம் அடர்த்தியில்தான். ஒரு கன மீட்டர் சவுக்கு 800 கிலோவுக்கு மேல் நிற்கும், இலவு 300 கிலோவைச் சுற்றித்தான். அதனால் இலவும் முருங்கையும் காகிதம் போல எரிந்து ஓய்ந்துவிடும், பற்றவைக்க மட்டும் ஆகும். சீமைக்கருவேலம் முள்ளால் கையைக் கிழித்தாலும் நல்ல கங்கு கொடுக்கும். பெயின்ட் அடித்த பழைய பலகையை மட்டும் இலவசமாகக் கிடைத்தாலும் அடுப்பில் வைக்காதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல.

மரத்தின் பெயரைவிட ஈரம்தான் பெரிய விஷயம். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அதில் கிலோவுக்கு 2,000 கிலோகலோரி கிடைத்தால் அதிகம். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கினால் 3,500 பக்கம் வரும். அப்படி இறங்குவதற்குள் பாதி நீராக வந்த 1,000 கிலோ மரம் 625 கிலோவாகிவிடும். மீதி 375 கிலோவை நாங்கள் காற்றுக்கு விட்டாக வேண்டும். தண்ணீர் தெளிக்கிறவன் ஏன் இதைச் செய்யப்போகிறான்?

இனி ஒவ்வொரு லோடிலும் நாலு கட்டையைப் பிளந்து, உள்பக்கம் மீட்டர் குத்திப் பார்த்துத்தான் விற்போம். நீங்கள் கேட்டால் உங்கள் முன்னாலேயே குத்துகிறோம். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள், ‘டங்’கென்று கேட்டால் காய்ந்தது, ‘தொப்’பென்று கேட்டால் எடுக்காதீர்கள். கிலோ விலை அடுத்த மாதம் கொஞ்சம் மாறும், பிளந்து தருவதற்கும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

புகையில் கண் எரிந்தும், “இந்த ஒரு தடவைதானே” என்று திரும்பி வந்தவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்களால்தான் இந்த மாதம் கடை திறந்திருக்கிறது. மிக்க நன்றி. அந்தப் புளிய விறகில் மிச்சம் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், எடைக்கு எடை காய்ந்த விறகு தருகிறோம். தூக்க முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் வண்டி வரும்.

இப்படிக்கு,
உங்கள் விறகுக்கடைக்காரர்