பிரதமர் பதவியை மீண்டும் வரைவதற்கு முன்: இலங்கையின் பத்தாவது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழித்துப் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவருவதாக வாக்களித்த தேசிய மக்கள் சக்திக்கு, 2024 நவம்பரில் 225 ஆசனங்களில் 159 கிடைத்தன. அந்த வாக்குறுதியை நினைவூட்டுவது மட்டும் என் நோக்கமன்று. ஜனாதிபதியிடமிருந்து எடுக்கப்படும் அதிகாரத்தின் பெரும்பகுதி பிரதமரிடமே போய்ச்சேரும் என்பதால், அந்தப் பதவி நம் நாட்டில் இதுவரை எப்படிப் பயன்பட்டது என்பதைப் பார்த்துவிட்டு வரையுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்த 1978க்கு முந்திய காலத்தை ஜனநாயகத்தின் பொற்காலமாகப் பேசுவோர் பலர். தமிழர்களுக்கு அப்படிப் பேசுவது எளிதன்று. குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர்களான 1948இல் ஆட்சியை நடத்தியவர் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க. 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்து மறு ஆண்டே அதைக் கைவிட்டவரும், 1965இல் இன்னொன்றைச் செய்து நிறைவேற்றாமல் விட்டவரும் பிரதமர்களே.

1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பைத்தான் நீங்கள் கூர்ந்து படிக்க வேண்டும். செனட் சபை முந்திய ஆண்டே ஒழிக்கப்பட்டிருந்தது. எந்த ஒரு சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றுவதைத் தடுத்த, 1972 வரை நடப்பிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கைவிடப்பட்டது. அது மலையகத் தமிழரைக் காக்கத் தவறிய பிரிவுதான், ஆனாலும் வழக்காடுவதற்கு அது ஒன்றாவது இருந்தது. நிறைவேறிய சட்டம் செல்லுமா என்று நீதிமன்றங்கள் ஆராய முடியாதென்றானது. அந்தத் தடை இன்றைய அரசியலமைப்பிலும் தொடர்கிறது. நாட்டின் தலைவராகிய ஜனாதிபதியையே பிரதமர் நியமித்தார். 1970இல் ஐந்தாண்டுக்குத் தெரிவான சபை, புதிய அரசியலமைப்பைக் காரணம் காட்டித் தன் ஆயுளை 1977 வரை நீட்டிக்கொண்டது. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமராகிப் பெருமை தேடித்தந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியிலேயே இவையெல்லாம் நடந்தன. பின்னர் ஜே.ஆர். ஜயவர்தன இதே அதிகாரக் குவிப்பை இன்னொரு நாற்காலிக்கு மாற்றினார். சிறிமாவோ 1994இல் மீண்டும் பிரதமரானபோது, அதிகாரம் ஜனாதிபதியான மகளிடம் இருந்தது.

பிரதமரை யார் தெரிவது என்பதும் தெளிவின்றியே இருந்துவருகிறது. 1960 மார்ச் தேர்தலில் பெரும்பான்மை பெறாத டட்லி சேனநாயக்க அரசின் கொள்கையைச் சொல்லும் சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் தோற்றபோது, மாற்று அரசாங்கம் ஒன்றுக்கு இடமளிக்காமல் பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி சபையைக் கலைத்தார். 2018 ஒக்டோபர் 26 அன்று மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். டிசம்பர் 12 அன்று ரணிலுக்கு 117 உறுப்பினர்கள் நம்பிக்கை தெரிவித்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவர்களுள் அடங்கும். இடையே நவம்பரில் சிறிசேன சபையைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் மறுநாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகே, 16ஆம் திகதி ரணில் மீண்டும் பதவியேற்றார். பெரும்பான்மையை எண்ணிப் பார்க்க ஒரு நாள் போதும். நமக்கு ஏழு வாரங்கள் தேவைப்பட்டன.

ஆகவே, “ஜனாதிபதியின் அபிப்பிராயத்தில்” சபையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்ற இன்றைய அரசியலமைப்பின் வாசகத்தை நீக்கி, பொதுத் தேர்தலுக்குப் பின் சபை கூடும் முதல் அமர்விலேயே பெயர் கூறி வாக்கெடுத்துப் பிரதமரைத் தெரிய வழிசெய்யுங்கள். ஜேர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தில் உள்ளவாறு, அடுத்தவரைத் தெரிந்தெடுத்தால் மட்டுமே இருப்பவரை நீக்க முடியும் என்று எழுதுங்கள். அங்கே பிரதமருக்கு நிகரான சான்சலர் பதவியில் 1982இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான். சபையைக் கலைப்பதைப் பிரதமரின் தனி விருப்பத்துக்கு விடாதீர்கள். இவை எல்லாவற்றையும்விட முதன்மையாக, நிறைவேறிய சட்டத்தை ஆராயும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுங்கள். அது இல்லாத வரைவுக்கு, ஜனாதிபதி முறையை ஒழிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வடக்கு கிழக்கு, மலையக உறுப்பினர்கள் கை உயர்த்தக் கூடாது.

இப்படிக்கு,
இலங்கை வாக்காளர் ஒருவர்