மறைக்கல்வியில் மனச்சான்றுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கியதும் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கணக்குப் பாடத்துக்கு முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது, கிறிஸ்தவ சமயத்தைக் கற்பிக்கும் மறைக்கல்விப் பாடவேளைதான். நடக்கும் வகுப்புகளிலும், பத்துக் கட்டளைகளுள் ‘பொய்ச்சான்று சொல்லாதே’ என்னும் எட்டாம் கட்டளையைப் பிழையின்றி ஒப்பிக்கும் பத்தாம் வகுப்பு மாணவரிடம், உடன்படிக்கும் மாணவியைப் பற்றிய வதந்தியை வாட்ஸ்அப்பில் பகிர்வதும் அக்கட்டளையை மீறுவதாகுமா என்று கேட்டு, அவர் தயங்கித் தயங்கி விடை தேடும் வரை காத்திருக்க ஆசிரியர்களாகிய நம்மில் பலருக்குப் பொறுமையில்லை. நன்னெறி மதிப்பீடுகளை நேரிய மனச்சான்றுடன் சீர்தூக்கிப் பார்க்கத் தூண்டப்படுவது இளையோரின் உரிமை என்று, கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே கூறிவிட்டது. (பிற சமய மாணவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு தனியே நடப்பது, இசைவின்றி எவரையும் சமயக் கல்வியில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 28(3) பிரிவை எண்ணினால், முறையே.) ஒப்புவிப்புத் தேர்வைக் குறைத்து, மறைக்கல்வி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் உரிய பயிற்சியளிக்க மறைமாவட்டங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி.