செயலாளர் ஆண்டறிக்கை: ஓவடோனா வங்கியும் நம் வட்டமும்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, மாதக் கூட்டங்கள், நூல் பரிமாற்றம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக இந்த ஆண்டு நம்மை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஓவடோனா ஊரின் கடைவீதியில், சீடர் அவென்யூவும் பிராட்வேயும் சந்திக்கும் மூலையில் இருக்கும் பழைய நேஷனல் ஃபார்மர்ஸ் வங்கிக் கட்டடம்தான் அது.

முதல் பயணம் சொதப்பல். மே மாதக் கடைசித் திங்கள்கிழமை, போரில் உயிர்நீத்த வீரர்களுக்கான அமெரிக்க நினைவு நாள். எல்லோருக்கும் விடுமுறை என்று தேதி குறித்த நான், வங்கிக்கும் விடுமுறை என்பதை யோசிக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. எதிரே இருக்கும் பூங்காவில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெளிப்புறத்தை மட்டும் பார்த்தோம். அதற்கே ஒரு மணி நேரம் போனது. அடியில் செம்மணற்கல். மேலே, ஒரே நிறம் என்று சொல்ல முடியாத செங்கல். இரண்டு முகப்பிலும் 36 அடி அகல வளைவு, அதற்குள் வண்ணக் கண்ணாடி, ஓரத்தில் பச்சைச் சுடுமண் வேலைப்பாடு. வங்கி என்றால் கிரேக்கக் கோயில் மாதிரி தூண் நிறுத்திய காலம் அது. அப்போது, 1908இல், ஒரு சிற்றூர் வங்கி இப்படிச் சதுரப் பெட்டியாக எழுந்திருக்கிறது. ஒட்டினாற்போல் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தனிக் கட்டடம்; வாடகைக் கணக்கையும் மறக்கவில்லை!

ஜூலையில் வேலை நாளாகப் பார்த்து, வரமுடிந்தவர்கள் மட்டும் மறுபடி போனோம். இன்றும் அது வங்கிதான். ஒருபுறம் காசோலை போடுகிறார்கள், மறுபுறம் நாங்கள் அண்ணாந்து நிற்கிறோம். லூயி மில்லெட் வடிவமைத்த வண்ணக் கண்ணாடி வழியே பச்சையும் பொன்னுமாக வெளிச்சம் இறங்குகிறது. ஆஸ்கர் கிராஸ் தீட்டிய சுவரோவியத்தில் பசுக்கள். நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள், ஒவ்வொன்றும் 2 டன்னுக்கு மேல். "இது விழாதா அங்கிள்?" என்று கேட்ட சிறுமி கடைசிவரை அதன் கீழே நிற்கவே இல்லை.

சரி, செப்டம்பர் கூட்டத்துச் சண்டைக்கு வருவோம். கட்டடத்தின் பெருமை யாருக்கு? கட்டடக்கலைஞர் லூயி சல்லிவன் பெயர்தான் எங்கும். ஆனால் அலங்காரத்தில் பெரும்பகுதியை வரைந்தவர் அவருடைய அலுவலகத்திலிருந்த ஜார்ஜ் எல்ம்ஸ்லி. சபை இரண்டாகப் பிரிந்தது, தேநீர் ஆறிப்போனது. செயலாளர் நடுநிலை காக்க வேண்டும் என்பார்கள். என் ஓட்டு மூன்றாம் ஆளுக்கு. அவர் வங்கியின் துணைத் தலைவர் கார்ல் பென்னட்; இசைப் பித்தர். ஒரு பத்திரிகையில் சல்லிவனின் கட்டுரையைப் படித்துவிட்டு 1906இல் அவரைத் தேடிப் பிடித்தார். சிகாகோவில் உயர்ந்த கட்டடங்களால் பேர் வாங்கிய சல்லிவனுக்கு அப்போது வேலையே குறைவு. அவர் 1924இல் வறுமையில் இறந்தார். பென்னட்டின் வங்கியும் 1926இல் மூழ்கியது.

கட்டடம் கைமாறியது. 1940இல் நவீனமாக்குகிறோம் என்று உள் வேலைப்பாட்டில் நிறையப் பெயர்த்து எறிந்தார்கள். படிக்கும்போதே வயிறு எரிந்தது. 1950களின் பிற்பகுதியில் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடக்கலைஞர் வந்து, மிஞ்சியதைக் காப்பாற்றி ஒழுங்குசெய்தார். 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. இந்தக் கட்டடத்தின் படத்தோடு 1981இல் வந்த 18 சென்ட் தபால்தலையை உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். வேறு யாரும் தொட அவர் அனுமதிக்கவில்லை.

அடுத்த ஆண்டுக்கு ஒரு கோரிக்கை. 1909இல் சல்லிவனைப் பிரிந்த எல்ம்ஸ்லி, புதிய கூட்டாளிகளோடு இதே மாநிலத்தின் வினோனா ஊரில் 1912இல் மெர்ச்சண்ட்ஸ் நேஷனல் வங்கியைக் கட்டினார். அதையும் பார்த்துவிட்டால் செப்டம்பர் சண்டையைத் தொடர வசதியாக இருக்கும். வேலை நாளில்தான் பயணம். தேதியை இம்முறை பொருளாளர் குறிக்கட்டும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்