யானைக்குச் சான்றிதழ் கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், கோப்பில் கடைசிக் கையெழுத்துப் போடும் உயர்கல்வித் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தங்கள் பதில் கடிதம் கிடைத்தது. இரண்டே வரி. 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. போதிய மாணவர் எண்ணிக்கை இல்லாத நிலையில் கோரிக்கையை ஏற்க இயலவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.' கூடவே பல்கலைக்கழகத்தின் வளர்ச்சித் திட்டம் பற்றிய கையேடு ஒன்றையும் வைத்து அனுப்பியிருந்தீர்கள். வழவழப்பான தாள், நல்ல அச்சு. அட்டையில் தேயிலை பறிக்கும் ஒரு பெண். தலையில் முக்காடு, முதுகில் கூடை, முகம் நிறையச் சிரிப்பு. எங்கள் லயத்துப் பெண்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், சுற்றி நின்று அந்தப் படத்தைப் பார்த்தார்கள். "இப்ப யாரு கூடை தூக்குறா? சாக்குதானே," என்றார் ஒரு அக்கா. "கொழுந்து எடுக்கும்போது யாரு சிரிக்கிறா," என்றார் இன்னொருவர்.

கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். புதிய துறைகள், பெரிய கலையரங்கம், குளிரூட்டிய கருத்தரங்கக் கூடம். நீலகிரி என்ற சொல்லைத் தேடினேன். அட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் 'படம்: நீலகிரி' என்று இருந்தது. வேறெங்கும் இல்லை.

பின்னணி உங்களுக்குத் தெரியும். இது நாங்கள் கொடுத்த மூன்றாவது மனு. ஆகவே நீட்ட வேண்டியதில்லை. எங்கள் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் முதுகலைக்கும் ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று வேண்டும். அதை ஒட்டிப் பெண்களுக்கு ஒரு விடுதி வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

எண்ணிக்கை போதாது என்கிறீர்கள். அதைப் பற்றிப் பேச எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம். அவள் சேர்ந்த கல்லூரியின் பெயரும் வேண்டாம். தேவாலாவில் நான் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து என்னிடம் படித்தவள். வீடு நாடுகாணிக்கு உள்ளே ஓர் எஸ்டேட் லயத்தில். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா மருந்து அடிப்பவர். செடி கொடி மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். மரப்பட்டையைத் தடவிப் பார்த்து ஈட்டியா மருதா என்று சொல்லிவிடுவாள். முதல் வகுப்பில் பட்டம் வாங்கி, மேலே ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தாள். கூடலூர்க்காரர்களுக்கு 'மேலே' என்றால் ஊட்டிப் பக்கம்.

விடுதியில் இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில் அவள் 19-வது ஆள். அதனால் தினமும் வீட்டிலிருந்தே போனாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஐந்தேகாலுக்கு லயத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். மெயின் ரோடு வரை இரண்டு கிலோமீட்டர் எஸ்டேட் பாதை. அப்பா டார்ச்சோடு முன்னால் நடப்பார். கூடலூர் வந்து பஸ் மாறி, ஊசிமலை, நடுவட்டம், பைக்காரா தாண்டிப் போனால் ஒன்பதரை வகுப்புக்குச் சரியாக இருக்கும். பாதையில் யானை நின்றால் முதல் பஸ் போய்விடும். அடுத்ததைப் பிடித்துப் போய் இறங்கும்போது காலை வகுப்புகள் முடிந்திருக்கும்.

முதல் தடவை விடுப்புக் கடிதத்தில் 'வழியில் யானை நின்றதால் வர இயலவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாளாம். ஐந்தாவது தடவை ஆதாரம் கேட்டார்கள். போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள். இருட்டில் எடுத்த இருட்டு. அலுவலகத்தில் இருந்தவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளாஷ் போட்டு எடுத்திருக்கலாமே," என்றிருக்கிறார்.

அவரைக் குறை சொல்லவில்லை. இருபதடி தூரத்தில் நிற்கும் யானையின் முகத்தில் பிளாஷ் அடித்தால் என்ன ஆகும் என்பது அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

அப்புறம், வனத்துறையிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். அதற்காக ஒரு நாள் லீவு போட்டு வன அலுவலகம் போனாள். அங்கிருந்தவர் நல்ல மனிதர், உட்கார வைத்துச் சொன்னாராம்: "பயிர் அழிஞ்சா சான்றிதழ் தருவோம்மா. ஆள அடிச்சா தருவோம். சும்மா நின்னதுக்குத் தர வழியில்ல." ஆக, யானை அடித்திருந்தால் அவளுக்கு வருகைப்பதிவு கிடைத்திருக்கும்.

75 விழுக்காடு வேண்டிய இடத்தில் 71 வந்தது. வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டினாள். அம்மாவின் மூன்று நாள் கூலி. அடுத்த பருவத்தில் ஆடி மழை. தேவாலாவைத் தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்று சொல்வார்கள், மழைக்காலத்தில் எந்த மரம் எப்போது ரோட்டில் விழும் என்று சொல்ல முடியாது. மரம் விழுந்த நாள்களும் யானையின் கணக்கில் சேர்ந்தன. மூன்றாவது பருவத்தோடு நிறுத்திக்கொண்டாள். "அக்கா, படிப்பு கஷ்டமா இல்லக்கா. போறதுதான் கஷ்டமா இருக்கு," என்று சொல்லிவிட்டு டி.சி. வாங்கப் போனாள்.

இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. முதுமலைக் காட்டில் உண்ணிச்செடி பரவியதால் யானையின் தீவனம் எப்படிக் குறைகிறது என்று ஆய்வு செய்யத்தான் ஆசைப்பட்டாள். யானை ஏன் தன் வீட்டுப் பாதையில் வந்து நிற்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பிய பிள்ளையை அந்த யானையைக் காரணம் காட்டியே வெளியே அனுப்பிவிட்டோம்.

உங்கள் எண்ணிக்கையில் இவள் எந்தக் கட்டத்தில் வருகிறாள் என்று அறிய விரும்புகிறேன். சேர்ந்தவர் கட்டத்திலா, இடைநின்றவர் கட்டத்திலா? அல்லது முதுகலையில் ஆர்வம் காட்டாத மலைப்பகுதி மாணவர் என்ற கட்டத்திலா? தாளூர் தாண்டி சுல்தான் பத்தேரிக்கும் கல்பற்றாவுக்கும் போய்ப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் கேரளத்துக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. மீதியை எண்ணிப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்கிறீர்கள். மையம் வந்தால்தான் பிள்ளைகள் சேர்வார்கள், பிள்ளைகள் சேர்ந்தால்தான் மையம் வரும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான் இது.

கடந்த மனுவோடு 63 பேரின் பெயர், படித்த பட்டம், முகவரி எல்லாம் இணைத்திருந்தோம். எல்லோரும் பட்டம் முடித்தவர்கள், பக்கத்தில் மையம் வந்தால் சேர்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள். உங்கள் பதிலில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, 63 போதாது என்றால் எத்தனை போதும்? எண்ணைச் சொல்லுங்கள். வீடு வீடாகப் போய் எடுத்து வருகிறோம்.

எண்ணப்படுவது எங்களுக்குப் புதிதில்லை. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த எங்கள் தாத்தா பாட்டிகளை எண்ணித்தான் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அப்படிக் கப்பலேறி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை நட ஆரம்பித்தது. பிறகு அதுவே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. என் பாட்டி கடைசி வரைக்கும் லைன் வீட்டை 'லயம்' என்றுதான் சொன்னார், எங்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. தோட்டத்துக்கு ஆள் வேண்டியபோது எங்கள் எண்ணிக்கை போதுமானதாகத்தான் இருந்தது.

மலையில் பல்கலைக்கழக மையம் நடத்துவது கடினம், பேராசிரியர்கள் வரத் தயங்குவார்கள் என்று போன வருடம் நேரில் பார்த்தபோது ஒருவர் சொன்னார். பழனி மலைக்குப் போய்ப் பாருங்கள் ஐயா. 1984-லேயே கொடைக்கானலில் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தை, அன்னை தெரசாவின் பெயரில், இதே தமிழ்நாடு அரசுதான் தொடங்கியது. குளிரும் வளைவும் மழையும் அங்கேயும் உண்டு. மையம்கூட இல்லை, முழுப் பல்கலைக்கழகம். நாற்பது ஆண்டு தாண்டி நடக்கிறது. பழனி மலைக்குச் சரிப்பட்டது நீலகிரிக்கு ஏன் சரிப்படாது?

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், தெரிகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆய்வே எங்கள் பக்கம் வராது என்று சொல்ல முடியாது. நிறைய வருகிறது. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகுத்திருக்கும் ஆறு இனமும் நீலகிரியில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். கேள்வித்தாளோடு ஜீப்பில் வருகிறார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், கழிப்பறை இருக்கிறதா, ஏன் படிப்பை நிறுத்தினீர்கள். ஒரு பணியர் பாட்டி என்னிடம் கேட்டார், "போன வருஷம் ஒரு பொண்ணு வந்து இதேதான் கேட்டுச்சு, அது பாஸாயிருச்சா?" என்று. பாஸாகியிருக்கும் பாட்டி. பாட்டியின் பேத்தி பத்தாம் வகுப்போடு நிற்கிறாள்.

இன்னொன்று. பழைய ஜன்மி நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள வந்த 1969-ன் கூடலூர் ஜன்மம் சட்டத்தில் 17-வது பிரிவு நிலம் என்று, உரிமை யாருக்கு என்பது தீராமல் கிடந்த நிலம் ஒன்று இருக்கிறது. அந்த நிலத்தில் வீடு இருப்பதால் கரண்ட் இல்லாமல் படித்து வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கூடலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2021–22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4 என்று வந்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்தையும் குறை சொல்ல மாட்டேன், அது வந்த பிறகு கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். படி ஏறிய பிள்ளை அடுத்த படிக்குப் போக இடம் வேண்டாமா? அதற்குத்தான் கேட்கிறோம்.

நீங்கள் வேண்டுமென்றே செய்வதாக நான் நினைக்கவில்லை. எங்கள் மாவட்ட ஆட்சியர் மழைக்கு விடுமுறை அறிவிக்கும் நாளில் உங்கள் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கள் மழை எப்படித் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோதுதான் கீழே இருப்பவர்கள் அந்த ஊரின் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

கோபத்தில் ஏதாவது கூடக்குறைய எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் தாழ்மையோடு கேட்கிறேன். கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் முதுகலைக்கும் ஆய்வுக்கும் ஒரு மையம், அதை ஒட்டி ஒரு மகளிர் விடுதி. புதுக் கட்டிடம் கட்டும் வரை வாடகைக் கட்டிடத்தில் தொடங்கினாலும் எங்களுக்குச் சம்மதம். முதல் ஆண்டில் தாவரவியல், தமிழ், வணிகவியல் என்று மூன்று துறை போதும். ஆய்வகம் முழுதாக வர நாளாகும் என்றால் தாவரவியலுக்குச் சுற்றிலும் காடு இருக்கிறது. குளிரூட்டிய கூடம் வேண்டாம், எங்கள் ஊரில் அதற்குச் செலவில்லை.

முடிவெடுக்கும் முன் உங்களில் யாராவது ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். காரில் வந்தால் எதுவும் தெரியாது. முதல் நாள் மாலையே வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள். விடியற்காலை ஐந்தேகாலுக்கு லயத்திலிருந்து கிளம்பி மெயின் ரோடு வரை நடந்து, கூடலூரில் பஸ் மாறி மேலே போவோம். டார்ச் நாங்கள் கொண்டு வருகிறோம். ஜூன் பிறந்துவிட்டால் குடையும் அட்டை கடிக்காமல் இருக்கக் கொஞ்சம் உப்பும் நீங்கள் கொண்டு வாருங்கள்.

தேதியைத் தெரிவித்தால் அந்தப் பெண்ணையும் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வரச் சொல்கிறேன். வழி அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி, இந்நாள் டியூஷன் அக்கா,
தேவாலா, நீலகிரி மாவட்டம்.

இணைப்பு: 63 பேர் பட்டியலின் இன்னொரு நகல், தங்கள் பதில் கடிதத்தின் நகல், யானையின் படம் ஒன்று (இருட்டாகத்தான் இருக்கும்).