கமலாவுக்கு, ஆஸ்டினிலிருந்து

ஞாயிறு இரவு

அன்புள்ள கமலா,

நலம். நீயும் உன் மூட்டுவலியும் எப்படி? மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று என்னென்ன திட்டியிருப்பாய் என்பது எனக்கு அத்துப்படி. பேத்தி, பேத்திக்குச் சளி, அவளிடமிருந்து எனக்குச் சளி, வேறு சாக்கு கிடையாது. நிஜத்தைச் சொன்னால், உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். அதற்கு வருகிறேன், முதலில் முதல் பக்கம்.

"அங்கே சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், தொடர்கதைக்கு ஒரு கரு அனுப்புடி" என்று கேட்டிருந்தாய். மாட்டிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: உன் நாயகிக்கு இந்தத் தடவையாவது ஜலதோஷம் பிடிக்க வேண்டும். உன் நாயகிகளுக்குச் சளியே பிடிக்காதா என்று குட்டை மீனாட்சி ஹாஸ்டல் மாடியில் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை பையன் சான் அந்தோனியோவுக்குக் கூட்டிப்போனான். அலமோ என்ற பழைய கோட்டையைப் பார்த்தேன். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த மாதாகோயில் முகப்பைத்தான். எனக்கு ஒன்றும் ஏறவில்லை, கால் வலிதான் ஏறியது. திரும்பும்போது சுற்றுவழியில் கொன்சாலஸ் என்ற சின்ன ஊரில் நிறுத்தினான். அங்கே ஒரு கல் கட்டடத்து மியூசியத்தில், கண்ணாடிக்குள், ஒரு பீரங்கி. பீரங்கி என்று பெரிதாக நினைக்காதே. நம் ஊர்த் திருவிழா அதிர்வேட்டுக் குழாய்க்கு அண்ணன், அவ்வளவுதான். இதற்காகவா ஒரு யுத்தம் என்று சிரித்தேன். அன்று ஆரம்பித்த பைத்தியம், இன்றுவரை தெளியவில்லை. நூலகத்திலிருந்து ஐந்து புத்தகம் வந்தாகிவிட்டது. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்க்கிறாள்.

கதைக்கு வா. டெக்சஸ் அப்போது மெக்சிகோவுக்குச் சொந்தம். அந்த மண்ணில் கமாஞ்சி, டோங்காவா பழங்குடிகள் இருந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆள் குடியேற்றினால்தான் எல்லை நிலைக்கும் என்று மெக்சிகோ அரசு அமெரிக்காவிலிருந்து குடும்பங்களைக் கூப்பிட்டது. அதில்தான் உனக்கான விஷயம். 1825-ல் போட்ட சட்டப்படி, குடும்பத்தோடு வருகிறவனுக்கு 4,428 ஏக்கர். கல்யாணமாகாதவனுக்கு அதில் கால்வாசி. பிறகு கல்யாணம் செய்துகொண்டால் மீதி முக்கால்வாசியும் கைக்கு வரும். மெக்சிகோ பெண்ணைக் கட்டினால் மேற்கொண்டு இன்னொரு கால் பங்கு! மாமனார் கொடுக்காத சீதனத்தைச் சர்க்கார் கொடுக்கிறது. எந்தப் பெண்ணை நினைத்து உருகினான், எந்த ஏக்கரை நினைத்து உருகினான் என்று பிரிக்க முடியுமா சொல்லு. உன் முதல் அத்தியாயம் இங்கே ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று. குடியேறுகிறவர்கள் கத்தோலிக்கராக வேண்டும், கல்யாணத்தைப் பாதிரியார்தான் நடத்தி வைக்க வேண்டும். ஆனால் பாதிரியார்? மாதக்கணக்கில் கண்ணிலேயே படமாட்டார். பக்கத்து ஆஸ்டின் குடியேற்றத்தில் (நான் உட்கார்ந்திருக்கிற இந்த ஊருக்கும் அந்த மனிதர் பெயர்தான்) இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊர் அதிகாரி முன்னால், சாட்சி வைத்து, பாதிரியார் வந்ததும் முறைப்படி கட்டிக்கொள்கிறோம் என்று ஜோடி ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடும். அன்றிலிருந்தே குடித்தனம். 1831-ல் முல்டூன் என்று ஓர் அயர்லாந்துப் பாதிரியார் வந்து ஊர் ஊராகப் போய் மொத்தமாகக் கல்யாணம் நடத்தினார். பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மணப்பெண்கள் நின்றார்கள். ஒத்துவரவில்லையா, பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அவரவர் வழியில் போனவர்களும் உண்டு. வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. இதைப் படித்ததும் உன் இரண்டாம் பக்கம் ஞாபகம் வந்தது. இரு, வருகிறேன்.

கொன்சாலஸ், டிவிட் என்பவர் 1825-ல் போட்ட குடியேற்றத்தின் தலைநகரம். பெயர்தான் தலைநகரம். கமாஞ்சிகள் வந்தால் பயமுறுத்த இருக்கட்டும் என்று 1831-ல் அரசாங்கமே அந்தக் குட்டிப் பீரங்கியைக் கொடுத்தது. 1835 செப்டம்பரில், குடியேறிகளோடு உறவு கெட்டதும், திருப்பிக் கொடு என்று ஆள் அனுப்பியது. ஊரில் இருந்த பதினெட்டுப் பேர் சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினார்கள். பீரங்கியை ஒருவருடைய பீச் மரத் தோப்பில் புதைத்துவிட்டார்கள். ஆள் சேர்ந்ததும் தோண்டி எடுத்து, வெள்ளைத் துணியில் பீரங்கிப் படம் வரைந்து, "வந்து எடுத்துக்கொள்" என்று எழுதிக் கொடியாகப் பிடித்தார்கள். அந்தத் துணி டிவிட் வீட்டுப் பெண்ணின் கல்யாண உடுப்பில் கிழித்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சத்தியமா என்று கேட்காதே. நீ எழுதப்போவது கதைதானே, எடுத்துக்கொள். அக்டோபர் 2-ம் தேதி அந்தப் பீரங்கி வெடித்தது, யுத்தம் ஆரம்பம்.

அந்த ஊர்க் கொல்லன் ஆல்மரான் டிக்கின்சன், மனைவி சுசன்னா. டென்னசியில் 1829-ல் கல்யாணம் ஆனபோது அவளுக்குப் பதினைந்து வயது. எழுதப் படிக்கத் தெரியாது, கடைசிவரை கீறல்தான் கையெழுத்து. கணவன் படையோடு சான் அந்தோனியோ போனான். இவள் கைக்குழந்தையோடு தனியாக இருந்த வீட்டைச் சூறையாடியது யார் தெரியுமா? மெக்சிகோக்காரன் இல்லை, உதவிக்கு வந்திறங்கிய தன் பக்கத்துத் தொண்டர் படையினர்! அதன் பிறகு அவளும் கணவனிடம் போய்ச் சேர்ந்தாள். 1836 பிப்ரவரி 23, மெக்சிகோத் தளபதி சாண்டா அன்னாவின் படை ஊருக்குள் வந்த அன்று, ஆல்மரான் குதிரையில் வந்து அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அலமோவுக்குள் போனான். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகவில்லை. மார்ச் 6 விடியற்காலையில் அலமோ விழுந்தது, எல்லாம் முடிந்தது.

சினிமா இங்கே வயலின் வாசிக்கும். நீ வாசிக்காதே. உனக்கு நான் சொல்லும் நாயகி சுசன்னா இல்லை, அவள் ஊர்க்காரி சிட்னி.

சிட்னி முதலில் தாமஸ் மில்லரைக் கட்டினாள், ஊரிலேயே பசையுள்ள ஆள். பிள்ளை பிறந்து தவறிவிட்டது. பிரிந்துவிட்டார்கள். பிறகு ஜான் கெல்லாக் என்ற இளவட்டத்தைக் கட்டிக்கொண்டாள். மாஜியும் நடப்பும் ஒரே ஊரில், ஒரே தெருத் தூசியில். அலமோவிலிருந்து உதவி கேட்டுக் கடிதம் வந்ததும் கொன்சாலஸில் புறப்பட்ட முப்பத்திரண்டு பேரில் இரண்டு பேருமே இருந்தார்கள். பதினேழு வயசு ஜான் காஸ்டனும் இருந்தான், அவளுடைய தம்பி. மார்ச் 1 விடிவதற்குள் முற்றுகைக்கு நடுவே உள்ளே நுழைந்தார்கள். ஒருத்தரும் வெளியே வரவில்லை. அப்போது சிட்னி நிறைமாதம்.

கொன்சாலஸிலிருந்து அலமோ ஏறக்குறைய எழுபது மைல். அந்த எழுபது மைலை நான் காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு கடந்தேன். என் மண்டைக்குள் ஒரே கேள்வி: அந்த இரண்டு ஆண்களும் பக்கத்துப் பக்கத்தில் குதிரை ஓட்டினார்களா, முன்னும் பின்னுமாகவா? அந்தப் பையன் யார் பக்கத்தில் போனான்? ஒரு காலத்தில் அத்தான் என்று நினைத்தவன் பக்கத்திலா, இப்போதைய அத்தான் பக்கத்திலா? அதை நீதான் எழுத வேண்டும். ஒருவனை வில்லனாக்கினாயோ, உன்னோடு பேசமாட்டேன்.

அலமோ விழுந்த செய்தியைக் கொன்சாலஸுக்கு நேரில் கொண்டுவந்தவள் சுசன்னா. யோசித்துப் பாரேன், அவள் ஊர்ப் பெண்கள், குழந்தைக்கு உரை மருந்து கேட்டு ஓடியிருக்கக்கூடிய வீடுகள். தானும் விதவையாகி வந்து வீட்டுக்கு வீடு விதவையாக்கினாள். மார்ச் 13 ராத்திரியே குடியேறிகளின் தளபதி ஹூஸ்டன் ஊரைக் காலி செய்யச் சொல்லிக் கொளுத்திவிட்டார், எதிரிக்கு ஒரு கூரைகூட மிஞ்சக்கூடாது என்று. மழை, சேறு, கிழக்கே ஓட்டம். அந்த ஓட்டத்தில்தான் சிட்னிக்குப் பிரசவம். ஏப்ரல் 21-ல் சான் ஹசிண்டோவில் பதினெட்டே நிமிஷத்தில் யுத்தத்தை ஜெயித்துவிட்டார்கள். அதற்காக யார் வீடும் திரும்ப முளைத்துவிடவில்லை.

ஒன்றை மட்டும் விடாதே. அலமோவிலிருந்து வந்த வழியில் சுசன்னாவோடு சேர்ந்து வந்தவர்களில் ஜோ என்பவரும் ஒருவர், அலமோ தளபதி டிராவிஸின் அடிமை. மெக்சிகோ 1829-லேயே அடிமைமுறையை ஒழித்து ஆணை போட்டது. இந்தக் குடியேறிகளின் மனத்தாங்கல்களில் அதுவும் ஒன்று. குடியரசு அமைத்தபோது அரசியல் சாசனத்திலேயே அடிமைமுறையை எழுதி வைத்தார்கள். சண்டையில் நடந்ததை மந்திரிசபை ஜோவை வரவழைத்துக் கேட்டுக்கொண்டது, கேட்டு முடித்ததும் செத்துப்போன எஜமானின் சொத்துக் கணக்கில் சேர்த்துவிட்டது. மறு வருஷம் ஏப்ரல் 21, வெற்றி நாளின் முதல் ஆண்டு. அன்றைக்குப் பார்த்து ஜோ ஓடிப்போனார். மியூசியத்தில் பீரங்கியைப் பார்த்துச் சிரித்த நான் இதைப் படித்த ராத்திரி தூங்கவில்லை. உன் கதையில் சுதந்திரம் என்ற சொல் வரும்போதெல்லாம் அந்த மனுஷன் எங்கேயாவது ஒரு மூலையில் நிற்கட்டும்.

சரி, இரண்டாம் பக்கம்.

"ரேவதிக்கு மறுபடியும் கல்யாணம், அதுவும் ஒரு டைவர்ஸ் ஆனபிறகு, எந்த முகத்தோடு ஊரில் சொல்வேன்" என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது, பிறகு நானும் இதே வாயால் நம் மாலதி டீச்சரின் தங்கையைப் பற்றி என்னென்ன பேசினேன் என்று ஞாபகம் வந்தது. அதனால்தான் மூன்று மாதம்.

சுசன்னாவுக்கு மொத்தம் ஐந்து கல்யாணம். ஆல்மரானுக்குப் பிறகு அரசிடம் ஐந்நூறு டாலர் உதவி கேட்டாள், மறுத்துவிட்டார்கள். இரண்டாவது கட்டியவன் அடித்தான். 1838-ல் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கினாள். அந்தக் காலத்தில், அந்தக் காட்டில், கைநாட்டுப் பொம்பளை! மூன்றாமவர் இறந்துபோனார். நான்காமவன் அவள் மேல் வாய்கூசும் பழி போட்டு விலக்கினான். 1857-ல் ஐந்தாவதாக ஜோசப் ஹானிக், ஜெர்மனியிலிருந்து வந்த மரவேலைக்காரர், அவளைவிட ரொம்ப இளையவர். இந்த ஊரில்தான் கடை வைத்துப் பெரிய ஆளானார்கள். அவள் 1883-ல் சாகும்வரை சேர்ந்திருந்தார்கள். ஹானிக் பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார். ஆனாலும் கடைசியில் அவரைப் புதைத்தது சுசன்னா பக்கத்தில்.

அவர்கள் வாழ்ந்த வீடு இங்கே டவுனுக்குள் மியூசியமாக இருக்கிறது. இரண்டு தடவை போய்விட்டேன். எல்லாரும் அலமோவைப் பற்றியே கேட்கிறார்கள். நான் ஹானிக்கைப் பற்றிக் கேட்டேன், அங்கிருந்த பெண் ரொம்ப சந்தோஷமாக அரை மணி நேரம் பேசினாள், எனக்குப் பாதிதான் புரிந்தது.

ரேவதியின் மாப்பிள்ளை என்ன வேலை என்றே நீ எழுதவில்லை. நான்கு பக்கக் கடிதத்தில் ஊர் என்ன சொல்லும் என்று இரண்டு பக்கம், அவன் பெயர்கூட இல்லை. அதை முதலில் எழுது. தேதியும் எழுது. எனக்கு ரிட்டர்ன் டிக்கெட் அடுத்த மாதம் 22. அதற்கு முன்னால் முகூர்த்தம் வைத்தீர்கள் என்றால் மாற்றவேண்டும், மாற்றினால் பையனுக்குத் தண்டச் செலவு, சொல்லிக் காட்டுவான். காட்டட்டும். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வை.

உன்,
சாந்தா