அந்த ஒரு வரி

அன்புள்ள மகளுக்கு,

கடற்கரை மாற்றம் பற்றி நீ அனுப்பிய வரைபடமும் அறிக்கை வரைவும் வந்தன. ஃபோன்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய். வேலை நெருக்கடி என்றாள் உன் அம்மா, சரி. வரைபடம் துல்லியமாக வந்திருக்கிறது. பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஆனால் “கரையின் நீளம் கூடியுள்ளது, எனவே பாதிப்பில்லை” என்ற வரி? நீ எழுதுகிற வரியா அது? அலைத்தடுப்புச் சுவர், தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்), கடலைத் தூர்த்த நிலம், எதைக் கடலுக்குள் நீட்டினாலும் நீளம் கூடத்தான் செய்யும். கூடியது கல். வளைகுடாவின் வாயை அடைத்தாலோ நீளம் குறையும். தென் கொரியாவின் சேமாங்கும் அணை ஏறக்குறைய 34 கி.மீ.; 2006-இல் அது கடலை மூடியதும் உள்ளே இருந்த நெளிந்த சேற்றுக்கரை திறந்த கடலை இழந்தது. இரண்டுமே சேதம்தான், எண் மட்டும் எதிரெதிர்த் திசையில் போகிறது. அதனால் இயற்கைக் கரை எவ்வளவு, கட்டிய கரை எவ்வளவு என்று பிரித்துப் போடு.

முன்னேறிய கரைக்குப் பச்சையும் அரித்த கரைக்குச் சிவப்பும் தீட்டியிருக்கிறாய். சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு தெற்கிலிருந்து வந்த மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரித்தது. பச்சையும் சிவப்பும் ஒரே மணல், அம்மா. தனித்தனிப் படமாகப் போடாதே. அரிக்கிற இடத்தில் கல் கொட்டினால் அலை சுவரில் மோதித் திரும்பி அடிமணலைத் தோண்டும். சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால் அரிப்பு தொடங்கும்.

செயற்கைக்கோள் படம் எடுத்த நேரத்து ஓத அளவு, அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், எங்கே? 50-க்கு 1 சரிவுள்ள மணலில் தண்ணீர் 1 மீட்டர் ஏறினால் கரைக்கோடு 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சலே 30 மீட்டர். ஓதம் பார்க்காமல் அரிப்பு என்றும் சொல்லாதே, வளர்ச்சி என்றும் சொல்லாதே.

அலையாத்திக்காட்டைப் பரப்பு கொஞ்சம்தான் குறைந்தது என்று முடித்துவிட்டாய். எனக்கு மனசே ஆறவில்லை. ஒரே காடாக இருந்ததை இறால் குளங்கள் துண்டு துண்டாக்கிவிட்டன. துண்டுகளின் எண்ணிக்கை, சராசரிப் பரப்பு, விளிம்பின் நீளம் மூன்றையும் போடு. குளத்தின் கரை ஓடைக்குக் குறுக்கே போகிற இடங்களையும் குறி. அங்கே குழாய் பதித்திருப்பார்கள். அதன் அடிமட்டம் ஓடைப்படுகையைவிட உயரமாக இருந்தால் ஏறிய தண்ணீர் முழுக்க வடியாது. தேங்கியது வெயிலில் வற்றி உப்பேறும், வெட்டாத மரமும் நின்றபடியே பட்டுப்போகும். பரப்புக் கணக்கில் அது தெரிய சில வருஷமாகும்.

உன் கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை. யாருடைய அவசரம் அது என்றும் கேட்கப் போவதில்லை. ஓதத்தைப் பார், அவ்வளவுதான். மூலப் படங்களை எடுத்த தேதி, நேரத்தோடு அனுப்பு. ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுத் தருகிறேன். அதுவரை அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அப்பா